பேற்றறைத் தாளும் அதன் காவலும்

நூலைத் திறனாய்வதற்கும் கருவியைத் திறனாய்வதற்கும் முறை ஒன்றே. அது யாருக்காக ஆக்கப்பட்டது, எத்தகைய இடத்தில் பிறந்தது, தான் தருவதாகச் சொல்வதைத் தருகின்றதா, பயன்படுத்துவோர் கையில் எவ்வாறு மாறுகின்றது என்னும் வினாக்களை இரண்டுக்கும் எழுப்பலாம். பேற்றறையில் மருத்துவச்சியர் கையாளும் ஒரு தாளைக் குறித்து இவ்வினாக்கள் எழுப்பத்தக்கவை. ‘பார்ட்டோகிராப்’ என்று வழங்கும் அத்தாள் மகப்பேற்றின் போக்கைப் புள்ளிகளாலும் கோடுகளாலும் காட்டும் வரைபடமாகும். ஒரு பக்கமே உடைய இச்சிறு ஏட்டின் பொருட்டு அறிஞர் உலகம் எழுபது ஆண்டுகளாக வாதாடி வருகின்றது. அவ்வாதத்தின் முடிவைப் பொறுத்துத் தாயரும் சேயரும் பிழைப்பதும் பிழையாமற் போவதும் உண்டு.

தாளில் அடங்குவன யாவை எனில், முதலில் குழந்தையின் இதயத் துடிப்பு. பின்னர்ப் பனிக்குட நீரின் நிறம். குழந்தையின் மண்டையெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியுள்ளனவா என்னும் குறிப்பு. நடுவில் கருப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் விரிந்துள்ளது, தலை எவ்வளவு இறங்கியுள்ளது என்பன. அவற்றின் கீழ், பத்து நிமிடத்தில் வலி எத்தனை முறை வந்தது, ஒவ்வொன்றும் எவ்வளவு நேரம் நீடித்தது என்பன. இறுதியில் தாயின் நாடி, குருதியழுத்தம், உடல் வெப்பம், சிறுநீர். இவையனைத்தையும் நேரத்தோடு சேர்த்து ஒரே பார்வையில் காணச் செய்வதே அதன் சிறப்பு. பத்துப் பக்கக் குறிப்பில் மறைந்து கிடக்கும் ஆபத்து, வளைந்து தாழும் ஒரு கோட்டில் வெளிப்பட்டுவிடும்.

இத்தகைய காவல் ஏன் வேண்டும்? தலை இறங்க வழியின்றிப் பேறு அடைபடுமாயின், கருப்பை கிழிதல், குருதிப்போக்கு, நச்சுக்காய்ச்சல் ஆகியவை தாயைத் தாக்கும். பிழைத்தவளுக்கும் சிறுநீர் ஓயாது கசியும் புண்துளை வாழ்நாள் துன்பமாக நிற்கக்கூடும். குழந்தைக்கோ மூச்சுத் திணறலால் சாவு நேரலாம். சாவு நேராவிடினும் மூளை ஊறுபட்டுவிடலாம். இவையெல்லாம் ஒரு நொடியில் வருவன அல்ல. மணிக்கணக்கில், அறிகுறி காட்டி, மெல்ல வருவன. ஆதலின் காண்பார் இருந்தால் தடுக்கலாம்.

தாளின் பிறப்பு

1954ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் எமானுவேல் பிரீட்மன், நியூயார்க்கில் தலைப்பேறு காணும் நூறு பெண்களின் கருப்பை வாய் விரிவை நேரத்தோடு பொருத்தி வரைந்தார். வளைந்தெழும் ஒரு கோடு கிடைத்தது. முதலில் நெடுநேரம் மெல்லச் செல்லும். பின்னர் விரைந்து ஏறும். ‘வலி எடுத்து எவ்வளவு நேரம் ஆயிற்று?’ என்று மட்டும் கேட்டு வந்த மருத்துவ உலகம், ‘இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கின்றாள்?’ என்று கேட்கத் தொடங்கியது அப்போதுதான்.

ஆயினும் அக்கோட்டைக் காவற்கருவியாக்கியவர்கள் பில்பாட், காசில் என்னும் இருவர். அவர்கள் பணியாற்றிய இடம் அன்றைய ரொடீசியாவின் சாலிஸ்பரி. இன்றைய சிம்பாப்வேயின் ஹராரே. 1972இல் வெளிவந்த அவர்தம் கட்டுரைகள் இரண்டு கோடுகளை அறிமுகம் செய்தன. முதலாவது எச்சரிக்கைக் கோடு. அது மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்னும் அளவில் ஏறுவது. இரண்டாவது செயற்கோடு. அது முதற்கோட்டுக்கு நான்கு மணி நேரம் வலப்புறம் தள்ளி இணையாகச் செல்வது.

அந்த நான்கு மணி நேரம் எங்கிருந்து வந்தது என்பதே திறனாய்வாளர் நின்று நோக்கவேண்டிய இடம். ஊர்ப்புறத்துச் சிறு நிலையத்தில் ஒரு மருத்துவச்சி இருக்கின்றாள். அறுவை செய்யும் வசதி நகரத்தில்தான் உண்டு. எச்சரிக்கைக் கோட்டைத் தாண்டியதும் வண்டி வரவழைத்து, பெண்ணை ஏற்றி, நகர மருத்துவமனை சேர்த்து, அங்குள்ளவர் ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும். அவற்றுக்கெல்லாம் விடப்பட்ட இடைவெளியே அது. சாலையும் வண்டியும் தொலைவும் சேர்ந்து வகுத்த எல்லை அது. பெண்ணின் உடல் வகுத்தது அன்று. பிற்காலத்தார் இதனை மறந்து, அக்கோட்டை இயற்கையின் சட்டம்போல் கொண்டனர். இத்தாளின் வரலாற்றில் நேர்ந்த பெரும்பிழை இதுவே எனலாம்.

கெலுகோரில் வாழும் ஒரு பெண்ணுக்கு ஜாலான் ரெசிடென்சியில் உள்ள பினாங்கு மருத்துவமனை சில மைல் தொலைவே. சரவாக்கின் உள்நாட்டில் ஆற்றங்கரை நீள்வீட்டில் வாழும் பெண்ணுக்கு அறுவைக்கூடம் பலமணிப் பயணம். ஒரே நாடு, ஒரே தாள்; எனினும் நான்கு மணி நேரம் என்பது இருவர்க்கும் ஒரே பொருள் தருமா? தராது. ஒருத்திக்கு அது மிகுதி; மற்றொருத்திக்குப் போதாமலும் போகும். இடம் அறியாமல் கோட்டை மட்டும் இறக்குமதி செய்வோர் இதனை எண்ணிப் பார்ப்பதில்லை.

மலேசியா கண்ட ஆய்வு

தாய்மாரின் பாதுகாப்புக்கான உலக இயக்கம் 1987இல் நைரோபியில் தொடங்கிய பின்னர், உலகச் சுகாதார நிறுவனம் தனக்கென ஒரு பேற்று வரைபடத்தை அமைத்தது. அதனைச் சோதித்த நாடுகள் இந்தோனேசியா, தாய்லாந்து, மலேசியா ஆகிய மூன்று. 1990, 1991ஆம் ஆண்டுகளில் எட்டு மருத்துவமனைகளில் 35,484 பெண்கள் இதில் அடங்கினர். முடிவு 1994இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. உலகப் பேற்றறைகளில் இத்தாள் பரவியதற்கு இவ்வாய்வே பெருங்காரணம். ஆதலின் மலேசியர்க்கு இத்தாள் அயலார் தந்த பொருள் மட்டும் அன்று; அதன் வரலாற்றில் இந்நாட்டுத் தாயர்க்கும் பங்கு உண்டு.

முடிவுகள் வியப்புக்குரியன. நெடும்பேறு நூற்றுக்கு 6.4 என்றிருந்தது 3.4 ஆகக் குறைந்தது. வலியை மிகுவிக்க மருந்து செலுத்துதல் 20.7இலிருந்து 9.1 ஆயிற்று. அவசர சிசேரியன் அறுவை 9.9இலிருந்து 8.3 ஆயிற்று. பேற்றின்போது குழந்தை இறத்தல் 0.5இலிருந்து 0.3க்கு இறங்கியது. மருந்தும் குறைந்தது, கத்தியும் குறைந்தது, சாவும் குறைந்தது. ஒன்று குறைய மற்றொன்று மிகுதலே மருத்துவத்தில் பெரும்பாலும் காணப்படுவது. மூன்றும் ஒருங்கே குறைந்ததால் உலகம் இதனை நம்பியதில் வியப்பில்லை.

ஆயினும் ஆய்வின் அமைப்பை உற்று நோக்குதல் வேண்டும். தாள் தனியே வரவில்லை. அதனோடு எப்போது சோதிப்பது, எப்போது காத்திருப்பது, எப்போது மருந்து தருவது, எப்போது மருத்துவரை அழைப்பது என்னும் உடன்பட்ட நடைமுறை விதிகளும் வந்தன. தாதியரும் மருத்துவரும் பயிற்சி பெற்றனர். தாள் வருமுன் இருந்த நிலையும் வந்தபின் இருந்த நிலையும் ஒப்பிடப்பட்டன. அவ்வாறாயின், நன்மை விளைத்தது கோடா, விதியா, பயிற்சியா, அனைவர் கண்ணும் பேற்றறை மேல் இருந்தமையா? இவ்வாய்வு அவற்றைப் பிரித்துக் காட்டவில்லை, காட்டவும் இயலாது.

பின்வந்த ஆய்வுகள் இவ்வையத்தை வலுப்படுத்தின. வரைபடம் பயன்படுத்துவதையும் பயன்படுத்தாமையையும், ஒருவகைத் தாளையும் மற்றொருவகைத் தாளையும் ஒப்பிட்ட சோதனைகளையெல்லாம் தொகுத்து ஆராய்ந்த ‘காக்ரேன்’ மதிப்புரை, தாளினால் மட்டும் சிசேரியன் அறுவையோ குழந்தையின் நலக்கேடோ குறைகின்றது என்று தெளிவாகச் சொல்ல இயலவில்லை என முடித்தது. மேலோட்டமாகப் படிப்பவர் ‘தாள் பயனற்றது’ என்று கூறிவிடுவர். அது பிழை. தாளை மட்டும் பிரித்தெடுத்தால் பயன் தெரிவதில்லை என்பதே அதன் பொருள். உளியை மட்டும் வைத்துச் சிற்பத்தை அளக்க முடியாதவாறு போல.

கோடு வளைந்த கதை

இதற்கிடையே கோட்டின் உண்மையே ஐயத்துக்குள்ளாயிற்று. 2010இல் ஜாங் முதலியோர் அமெரிக்காவில் 19 மருத்துவமனைகளில் 62,415 பெண்களின் குறிப்புகளை ஆராய்ந்தனர். நான்கிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் விரிவதற்கே ஆறு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம் என்றும், ஆறு சென்டிமீட்டருக்குப் பின்னரே விரைவு தெளிவாகக் கூடுகின்றது என்றும், அவ்வாறு மெல்லச் சென்ற பெண்கள் பலர் இயல்பாகவே ஈன்றனர் என்றும் அவர்கள் கண்டனர். பின்னர் உலகச் சுகாதார நிறுவனத்தின் சார்பில் நைஜீரியா, உகாண்டா நாடுகளில் நடந்த ஆய்வும் அவ்வழியே சென்றது. 2018இல் அந்நிறுவனம் தன் பழைய விதியைத் தானே திருத்தியது. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் என்பது பல பெண்களுக்கு மிகை விரைவு. அதனை மட்டும் காரணம் காட்டித் தலையிடுதல் தகாது. விரைவுக் கட்டம் ஐந்து சென்டிமீட்டரில் தொடங்குவதாகக் கொள்க என்றது.

இத்திருத்தத்தின் பயன் சிறிதன்று. தமிழகத்தை நோக்குக. 2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்பநல ஆய்வின்படி அங்கே பேறுகளுள் நூற்றுக்கு 44.9 சிசேரியன் அறுவையால் நிகழ்ந்தவை. தனியார் மருத்துவமனைகளில் மட்டும் 63.8. இவையனைத்தும் தேவையற்றவை என்பது பேதைமை. ஆயினும் அனைத்தும் தேவையானவை என்பதும் நம்பத்தக்கது அன்று. ‘வாய் திறக்கவில்லை, முன்னேற்றம் இல்லை’ என்று நான்கு சென்டிமீட்டரில் முடிவுகட்டி மேசைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தலைச்சன் பேறுகள் அவற்றுள் எத்தனை என்பது கேட்கத்தக்க கேள்வி. முதற்பேற்றில் வயிறு கீறப்பட்டவளுக்கு அடுத்தடுத்த பேறுகளிலும் அத்தழும்பு தொடரும். நஞ்சுக்கொடி தழும்பில் வேர்விடுதல், கருப்பை கிழிதல் ஆகிய அச்சங்கள் அவளோடு வரும். ஆகவே காலந்தாழ்த்தல் ஒரு கேடு. அவசரமும் ஒரு கேடு. தாள் இவ்விரண்டுக்கும் காவலாக நிற்கவேண்டும்.

இனி, கோடு மாறியதால் பேறு மாறியதா? நார்வே நாட்டில் 14 மகப்பேற்று நிலையங்களில் தலைப்பேறு காணும் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களிடம் பழைய கோடும் ஜாங் வகுத்த புதிய அளவும் ஒப்பிடப்பட்டன. 2019இல் வெளிவந்த அம்முடிவு இருசாராருக்கும் படிப்பினை. இரு குழுக்களுக்கும் இடையே அறுவை அளவில் வேறுபாடு காணப்படவில்லை. ஆனால், இரு குழுக்களிலும் அறுவை முன்னிருந்ததைவிடக் குறைந்தது! எந்தக் கோட்டைப் பின்பற்றினார்கள் என்பதைவிட, ஏதேனும் ஒரு விதியை ஊன்றிப் பின்பற்றினார்கள் என்பதே பயன் தந்தது போலும். 1994ஆம் ஆண்டு ஆய்வின் வெற்றிக்கும் இதுவே விளக்கமாகலாம்.

புதிய வழிகாட்டி

2020ஆம் ஆண்டு திசம்பரில் உலகச் சுகாதார நிறுவனம் ‘பேற்றுப் பராமரிப்பு வழிகாட்டி’ என்னும் புதிய தாளை வெளியிட்டது. எச்சரிக்கைக் கோடும் செயற்கோடும் அதில் இல்லை. அவற்றுக்கு மாறாக ஒவ்வொரு வரிக்கும் ஓர் எச்சரிக்கை எல்லை குறிக்கப்பட்டுள்ளது. குழந்தையின் துடிப்பு 110க்குக் கீழ் இறங்கினாலும் 160ஐ எட்டினாலும் வட்டமிடுக. ஐந்து சென்டிமீட்டரில் ஆறு மணி, ஆறில் ஐந்து மணி, ஏழில் மூன்று மணி, எட்டில் இரண்டரை மணி, ஒன்பதில் இரண்டு மணி கடந்தால் வட்டமிடுக. எதிரே என்ன செய்யக் கருதுகின்றீர் என்று எழுதுக. இவ்வாறு செல்லும் அதன் அமைப்பு.

இதில் போற்றத்தக்கவை இரண்டு. ஒன்று, தாளின் தலைப்பகுதியிலேயே பெண்ணுக்குத் துணையாக ஒருவர் உள்ளாரா, வலி தணிக்க வழி செய்யப்பட்டதா, பருக நீர் கொடுக்கப்பட்டதா, எழுந்து நடமாடுகின்றாளா, மல்லாந்தே கிடக்கின்றாளா என்னும் வரிகள் அமைந்திருத்தல். பழைய தாளில் கருப்பை வாய் இருந்தது; பெண் இல்லை. புதிய தாளில் அவள் வந்துவிட்டாள். துணையோடிருத்தல் வெறும் அன்புச்செயல் என்று எண்ணற்க. 26 சோதனைகளில் பதினையாயிரத்துக்கு மேற்பட்ட பெண்களை ஆராய்ந்த தொகுப்பு, இடைவிடாத துணை சிசேரியனைக் குறைக்கின்றது, இயல்பான பேற்றைக் கூட்டுகின்றது என்று காட்டியுள்ளது. பாட்டிமார் அறிந்திருந்த உண்மையை எண்கள் பின்னால் வந்து உறுதி செய்தன. இரண்டு, ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் முடிவை எழுதச் சொல்லுதல். காணுதல் ஒன்று, கருதுதல் வேறொன்று, செய்தல் மற்றொன்று. பழைய தாள் முதலாவதோடு நின்றது.

குறைகளும் உள. முதற்குறை கணக்கில் வெளிப்படுகின்றது. ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் உரிய எல்லைகளைக் கூட்டினால் 6, 5, 3, 2½, 2 என மொத்தம் பதினெட்டரை மணி ஆகின்றது. ஒவ்வொரு படியிலும் எல்லைக்குச் சற்று முன்னதாகவே கடந்து செல்லும் ஒரு பெண், விரிவுக்குரிய வரியில் ஒரு வட்டமும் பெறாமலே பதினெட்டு மணி நேரத்தைக் கடத்திவிடலாம். பழைய தாளிலோ ஐந்திலிருந்து பத்துக்கு எச்சரிக்கை ஐந்து மணி. செயல் ஒன்பது மணி. இதற்கு மறுமொழி உண்டு. ஒவ்வொரு படியின் எல்லையும் நூற்றுக்கு ஐவர் மட்டுமே கடக்கும் கடையெல்லை. எல்லாப் படிகளிலும் ஒருத்தியே கடைசியில் நிற்பது அரிது. மேலும், விரைவுக்கட்டம் தலைப்பேற்றில் பன்னிரண்டு மணியையும் மறுபேற்றில் பத்து மணியையும் பொதுவாகத் தாண்டுவதில்லை என்று அந்நிறுவனமே 2018இல் கூறியுள்ளது. மறுமொழி சரியே. ஆனால் அம்மொத்த எல்லை தாளின் வட்டங்களில் இல்லை, நூலில் உள்ளது. இரவு மூன்று மணிக்குப் பேற்றறையில் நிற்பவள் கையில் இருப்பது தாள். கூட்டிப் பார்க்கும் பொறுப்பைக் களைத்த கண்ணிடம் விடலாமா? பழைய கோட்டின் ஒரு நன்மை இங்கே இழக்கப்பட்டது. அது தவறான வேகத்தைக் காட்டியிருக்கலாம்; ஆனால் மொத்தப் பயணத்தையும் ஒரே பார்வையில் காட்டியது.

இரண்டாங்குறை உழைப்பைப் பற்றியது. வலியைக் கணக்கிடப் பத்து நிமிடம் வயிற்றின்மேல் கை வைத்திருத்தல் வேண்டும். அரைமணிக்கு ஒருமுறை அவ்வாறு செய்யவேண்டும். குழந்தையின் துடிப்பை ஒரு நிமிடமேனும் கேட்கவேண்டும். எழுத இரண்டு மூன்று நிமிடம். ஒரு மருத்துவச்சிக்கு ஒரு பெண் எனில் இயலும். இருவர் எனினும் இயலும். மூவர் எனில் மூச்சுவிட நேரமில்லை. நால்வர் எனின் வலிக்கணக்குக்கு மட்டுமே நாற்பது நிமிடம் வேண்டும். அரைமணியிலோ முப்பது நிமிடமே உண்டு. அப்போது என்ன நிகழும்? பேறு முடிந்தபின் தாள் நிரப்பப்படும். புள்ளிகள் ஒழுங்காக நிற்கும். கோடு அழகாக ஏறும். துடிப்பு எப்போதும் 140. இவ்வாறு பின்னர் எழுதப்படும் தாள்கள் பல நாடுகளில் காணப்பட்டுள்ளன. அத்தாள் தாயைக் காப்பதில்லை, எழுதியவரைக் காக்கின்றது. பொய்யான குறிப்பு, குறிப்பே இல்லாமையினும் கொடியது. இல்லாமை தன்னைக் காட்டிக்கொடுக்கும், பொய் மறைத்துக்கொள்ளும்.

மூன்றாங்குறை, பயனுக்குரிய சான்று இன்னும் முதிரவில்லை என்பது. கருநாடகத்தில் நான்கு அரசு மருத்துவமனைகளில் இவ்வழிகாட்டியை நடைமுறைக்குக் கொணர்ந்து செய்த ஆய்வு 2024இல் வெளியாயிற்று. தலைப்பேற்றுப் பெண்களிடம் சிசேரியன் நூற்றுக்கு 45.2இலிருந்து 39.7 ஆயிற்று. நல்ல அறிகுறியே. ஆயினும் தற்செயலாலும் அவ்வளவு வேறுபாடு வரக்கூடும் என்பதால் அதனை முடிந்த முடிபாகக் கொள்ள இயலாது. நம்பிக்கைக்கு இடமுண்டு, முழக்கத்துக்கு இடமில்லை.

தாளும் கையும்

தாளால் நடத்தை மாறினும் சாவு மாறாதிருத்தல் உண்டு என்பதற்கு உத்தரப் பிரதேசம் சான்று. பாதுகாப்பான பேற்றுக்குரிய சரிபார்ப்புப் பட்டியலும் பயிற்சியும் அங்கே 120 நிலையங்களை உட்படுத்திய ஒரு பேராய்வில் சோதிக்கப்பட்டன. ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்ட பேறுகள் அதில் அடங்கின. 2017இல் முடிவு வந்தது. செய்யவேண்டிய செயல்களுள் பயிற்சி பெற்ற நிலையங்கள் நூற்றுக்கு 72.8ஐச் செய்தன, பெறாதவை 41.7ஐச் செய்தன. பெரும் வேறுபாடு! எனினும் தாய்சேய்ச் சாவில் வேறுபாடு இல்லை. ஆபத்தைக் கண்டபின் அழைத்துச் செல்ல வண்டியும், கீறி எடுக்கக் கையும், ஏற்றக் குருதியும், குழந்தைக்கு மூச்சு ஊத ஆளும் தொடர்ந்து அமையாவிடில், கண்டதனால் மட்டும் என்ன பயன்? தாள் மணி அடிக்கும். மணி கேட்டு ஓடிவருவார் வேண்டும்.

மலேசியாவின் வரலாறு இதனை மறுபுறமிருந்து மெய்ப்பிக்கின்றது. இந்திரா பத்மநாதன் முதலியோர் எழுதி, உலக வங்கி 2003இல் வெளியிட்ட நூலொன்று மலேசியாவும் இலங்கையும் தாய்ச்சாவைக் குறைத்த வகையை ஆராய்கின்றது. 1950ஆம் ஆண்டளவில் இரு நாடுகளிலும் இலட்சம் பேறுகளுக்கு ஐந்நூறுக்கு மேற்பட்ட தாயர் மாண்டனர். அவ்வெண் படிப்படியாகச் சரிந்தது. பேற்று வரைபடம் வருமுன்னரே பெருஞ்சரிவு நிகழ்ந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. பயிற்சி பெற்ற மருத்துவச்சியர் சிற்றூர்தோறும் அமர்த்தப்பட்டனர். ‘பிடான் கம்போங்’ என்னும் நாட்டு மருத்துவச்சியரைப் பகைக்காமல் பதிவுசெய்து உடன் சேர்த்துக்கொண்டனர். ஏழைக்கும் எட்டும் வகையில் மருத்துவமனை அமைந்தது. இவை முதலில் வந்தன. தாள் பின்னர் வந்தது. விளைநிலம் பண்பட்டிருந்தது, ஆதலின் விதை முளைத்தது.

இந்நாட்டார் கற்ற மற்றொரு பாடமும் உண்டு. 1991இல் தாய்ச்சாவுகளை ஒவ்வொன்றாக, பழிசுமத்தாமல், மறைவாக ஆராயும் முறை நாடு முழுதும் தொடங்கியது. அதற்கு முன்னர் இலட்சத்துக்கு 20 என்று கூறப்பட்ட எண், தொடங்கியபின் 44 ஆயிற்று. சாவு பெருகிவிடவில்லை, முன்னர் எண்ணப்படாதவை எண்ணப்பட்டன. தன் எண் இருமடங்காகத் தோன்றும் என்று அறிந்தும் உண்மையை எழுதத் துணிந்த நாடு போற்றத்தக்கது. பேற்றறைத் தாளுக்கும் இதே துணிவு வேண்டும். வட்டமிடப்பட்ட தாள் கண்டு மேலதிகாரி சினந்தால், அடுத்த தாளில் வட்டம் இராது. ‘ஏன் இவ்வாறு ஆயிற்று?’ என்று ஆராயும் இடத்தில் மெய்யெழுத்து வளரும், ‘யார் செய்தது?’ என்று மட்டும் அலறும் இடத்தில் பொய்யெழுத்தே வளரும்.

பினாங்குக்கு உரியன

பினாங்கு, கல்வியாலும் இத்துறைக்குத் தொடர்புடையது. கெலுகோர் மிண்டன் வளாகத்தில் அமைந்த மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் 1979இல் மருத்துவ அறிவியல் பள்ளியை அங்குதான் தொடங்கியது. அப்பள்ளி பின்னர்க் கிளந்தானின் குபாங் கிரியானுக்குச் சென்றது. ஜார்ஜ் டவுனில் 1996இல் தோன்றிய பினாங்கு மருத்துவக் கல்லூரி அயர்லாந்தின் டப்ளின் நகரக் கல்லூரிகளோடு இணைந்தது. அந்த டப்ளின் நகரின் தேசிய மகப்பேற்று மருத்துவமனையில்தான் ஓட்ரிஸ்கால் என்பார் ‘முனைப்புப் பேற்றுமுறை’யை வகுத்தார். அதில் இரண்டு கூறுகள் இருந்தன. மணிக்கு ஒரு சென்டிமீட்டர் முன்னேறாவிடில் ஆக்ஸிடோசின் செலுத்துதல் ஒன்று. பேறு முடியும்வரை ஒவ்வொரு பெண்ணின் அருகிலும் ஒரு தாதி இருத்தல் மற்றொன்று. உலகம் பெரும்பாலும் முதலாவதை எடுத்துக்கொண்டது, இரண்டாவதை விட்டுவிட்டது. மருந்து மலிவு, ஆள் செலவு என்பதே காரணம். கருத்துகள் கடல் கடக்கும்போது எது கப்பலேறுகின்றது, எது கரையில் நிற்கின்றது என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

பன்மொழி வழங்கும் பினாங்கில் இன்னொன்றும் எண்ணத்தக்கது. புதிய வழிகாட்டி, திட்டத்தைப் பெண்ணோடு கலந்து முடிவுசெய்க என்கின்றது. வலியில் துடிப்பவள் தமிழில் சொல்வதை மலாயோ ஹொக்கியனோ பேசும் தாதி எவ்வாறு உணர்வாள்? தமிழ்ப்பெண் ‘அடிவயிறு கடுக்கின்றது’ என்பதற்கும் ‘இடுப்பு விட்டுப்போகின்றது’ என்பதற்கும் ‘முக்க வருகின்றது’ என்பதற்கும் வேறுபாடு உண்டு. மூன்றாவது சொல் பிறந்தவுடன் விரைந்து சோதிக்கவேண்டும். இதனை அறியாதவர்க்கு மூன்றும் ஒரே ஓலமாகக் கேட்கும். பெண்ணுக்குத் தாயோ மாமியாரோ அக்காளோ துணையிருக்க இடம் தந்தால், அவர் துணைவராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் அமைவார். ‘துணை உண்டா?’ என்னும் வரி இங்கே இரட்டைப் பயன் தரும்.

முடிபு

இதுகாறும் ஆராய்ந்தவற்றால் பெறப்படுவன சில. பழைய தாள், ஒரு காலத்தின், ஓர் இடத்தின் தேவைக்குப் பிறந்தது. அதன் கோட்டை எங்கும் எக்காலத்தும் பொருந்தும் விதியாகக் கொண்டது பிழை. புதிய தாள் அப்பிழையைத் திருத்தி, பெண்ணையும் தாளுக்குள் கொணர்ந்தது. ஆனால் மொத்தக் காலத்தைக் காட்டும் தெளிவை இழந்தது. எழுதுவோர் சுமையைக் கூட்டியது. ஆதலின் பன்னிரண்டு மணி எல்லையும் பத்து மணி எல்லையும் தாளின் முகத்திலேயே கண்ணில் படுமாறு அச்சிடப்பட வேண்டும். வண்டி அழைக்கவேண்டிய நேரம் ஒவ்வொரு நிலையத்தின் தொலைவுக்கேற்ப வகுக்கப்பட வேண்டும். ஒரு மருத்துவச்சிக்கு இத்தனை பெண்களுக்கு மேல் இல்லை என்னும் எல்லை இல்லாத இடத்தில், எத்தாளைத் தந்தாலும் அது பின்னர் நிரப்பப்படும் தாளாகவே முடியும்.

கோடு எது என்னும் வாதம் இன்னும் நெடுநாள் நடக்கும், நடக்கட்டும். 1990இல் தென்கிழக்காசியாவில் கிடைத்த பயனும், 2019இல் நார்வேயில் கிடைத்த பயனும், உத்தரப் பிரதேசத்தில் கிடைக்காத பயனும் சேர்ந்து ஒன்றையே சொல்கின்றன. அருகில் இருந்து பார்ப்பவர் ஒருவர், பார்த்ததை அப்போதே மெய்யாக எழுதும் கை ஒன்று, எழுதியதைப் படித்து எழுந்து வருவார் ஒருவர் என்னும் மூன்றும் வேண்டும். இம்மூன்றும் உள்ள பேற்றறையில் எளிய தாளும் உயிர் காக்கும்.